வாயிலுக்கு உட்புறம் ஒரு கஞ்சி மேசை

மலாக்கா மாநிலம் சுங்கை தெராங் தோட்ட மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கும் டிரெசர், உயர்திரு தம்புசாமி அவர்கள் பணி நிறைவு பெறும் நன்னாளில், உடன் உழைத்தோர் உள்ளம் உருகி வாசித்தளிக்கும் மடல்.

கைராசிக்காரரே, கசப்பு மருந்தின் காவலரே, கஞ்சி மேசை கண்ட கருணையாளரே, வணக்கம்!

இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் மலேரியாக் காய்ச்சலோடு மல்லுக்கட்டினீர்கள். கொயினா மருந்தை வாயோரம் ஒதுக்கித் துப்பப் பார்த்தவர்களைக் கையும் களவுமாகப் பிடித்தீர்கள். உங்கள் கடுகடுத்த முகத்துக்கும் கனிந்த கைக்கும் நாங்கள் பழகிப்போனோம்.

அவசரகாலச் சட்டம் வந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி எழுந்தது. காட்டில் மறைந்திருக்கும் கம்யூனிஸ்டுகள் கைக்குச் சோறு போகக்கூடாது என்று, ஒரு பருக்கையும் வேலி வாயிலைத் தாண்டத் தலைநகரில் தடை போட்டார்கள். இங்கே பொதுச் சமையல்கட்டில் சோறு வேகுமுன் ஆள்கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டு மணி அடித்துவிடும். ரப்பர் பால்மரம் சீவப் போனவர்கள் உச்சிப்பொழுது வரை வெறும் வயிற்றோடு நின்றார்கள். ஐந்து மாதக் கர்ப்பிணியான இருசம்மாள் மரத்தடியில் மயங்கி விழுந்தாள். கரு தங்கவில்லை.

மறுநாள் விடியலில் மருந்து மேசையைத் தூக்கிவந்து வாயிலுக்கு உட்புறம் போட்டீர்கள். நோயாளிகளுக்குக் காய்ச்சிய உப்புக்கஞ்சியைக் கர்ப்பிணிகளுக்கு ஊற்றினீர்கள். "துரை கேட்டா நான் என்னங்க சொல்றது?" என்று ஆபீசில் கணக்கெழுதும் கிராணி தனபாலன் பதறினார். "டிரெசர் குடுக்குற மருந்துன்னு சொல்லுலா. வெளியதான போகக்கூடாது? வேலிக்குள்ள நின்னுதான குடிக்கிறாங்க" என்றீர்கள். அன்றுமுதல் கிராணி பெரட்டு மணியைச் சற்றுத் தாமதித்தே அடித்து வருகிறார். நாங்கள் கவனிக்கவில்லை என்று அவர் நினைத்திருந்தால், இன்று தெரிந்துகொள்ளட்டும்.

அதன்பின் ஒரு கர்ப்பிணியும் மரத்தடியில் விழவில்லை. இருசம்மாள் மறுபடி கருவுற்றபோது, வயிற்றிலேயே அந்தக் கஞ்சி குடித்து வளர்ந்த அவள் மகள்தான், இப்போது உங்கள் மடியில் அமர்ந்து மாலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறாள்.

செப்டம்பரில் கடலோரப் பகுதியை கட்டுப்பாடுகள் நீங்கிய வெள்ளைப் பகுதி என அறிவித்தார்கள். அங்கே சோற்றைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறார்களாம். வரைபடத்தில் போட்ட கோடு எங்கள் வேலிக்கு எட்டாமல் நின்றுவிட்டது. பஸ் வரும்போதெல்லாம் நல்ல செய்தி வருமா என்று சாலையைப் பார்த்து ஏங்கினோம். நீங்களும் எங்களோடு நின்று பார்த்தீர்கள். செய்திக்கு முன்னால் உங்கள் ஓய்வு வந்துவிட்டது. இதை எங்களால் தாங்க முடியவில்லை, ஐயா.

உங்கள் இடத்துக்கு ஆள் போடவில்லை. வாரம் ஒருமுறை பக்கத்துத் தோட்டத்து டிரெசர் வருவாராம். மேசையை உள்ளே எடுத்துவிடலாமா என்று ஆபீசில் கேட்டார்கள். முடியாது என்றோம். நாளை விடியலில் இருசம்மாள் அகப்பை பிடிக்கிறாள்.

மலாக்கா பட்டணத்தில் மகள் வீட்டில் நோயின்றி, நெஞ்சில் குறையின்றி நெடுங்காலம் வாழ்வீர்களாக! அந்தக் கோடு எங்கள் வேலியைத் தாண்டும் நாளில் சொல்லியனுப்புவோம்; வந்துவிடுங்கள். வாயிலைக் கடந்து போகும் முதல் சோற்றுப் பொட்டலத்தை, இருசம்மாள் விழுந்த மரத்தடியில் உங்களோடு உட்கார்ந்துதான் பிரிப்போம்.

உங்கள் வரவுக்கு ஏங்கும்,
மருத்துவமனை ஊழியர்களும் தோட்டத்தாரும்
சுங்கை தெராங், டிசம்பர் 1953