பெயரில்லாத ஒன்பதாம் வரி

— ஒன்பதாவது வரி காலியா கிடக்கு புருல்! அவ்வளவு பெரிய திரையில பொக்கை வாய் மாதிரி இளிக்குது. கோமுஸ் நரம்பை மீட்டிப் பாடினானே, அந்தப் பையன் பேரு எங்க?

— கத்தாதீங்க ரிஸ்பெக் அண்ணே, வயர்லெஸ் காதைக் கிழிக்குது. நான் மாடியில இதைத்தான் பாத்துட்டு நிக்கிறேன்.

— பாத்துட்டு நிக்கிறியா? செத்தேன். நடுவருங்க அஞ்சு பேரும் மார்க் அமுக்கியாச்சு. எல்லாருக்கும் மொத்தம் வந்துருச்சு, அவனுக்கு மட்டும் வரலையே!

— பேரு இல்லாத வரியை மெஷின் கூட்டாதுண்ணே.

— அப்ப பேரை அடி! அறிவிப்பாளர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டு மேடை ஏறப் போறாரு. அவர் மைக்கைத் தொட்டதும் முடிவு பூட்டிக்கும். நாரின்ல இருந்து பாட வந்த பையன், வரலைன்னு ஆயிடும்!

— என்னால அடிக்க முடியாது.

— ஏன், கையில சுளுக்கா?

— அது என் மாமனார் பேரு.

— எது, அந்தப் பையன் பேரா?

— ஆமாண்ணே. ரெண்டு பேருக்கும் ஒரே பேரு.

— செத்தேன். நடுவர் மேசையில நடுவுல உக்காந்திருக்காரே உன் மாமனார், அவரு பேரும் இதுதானே. இஸ்மனாலி.

— ஆமா. கல்யாணமாகி ஆறு வருஷத்துல ஒரு தடவை கூட வாய் திறந்து அந்தப் பேரைச் சொன்னதில்ல. நடுவர் பட்டியல்ல ‘மூணாம் நடுவர்’னு போட்டு தப்பிச்சுக்கிட்டேன். இந்த வரிக்கு யாரையாவது விட்டு அடிக்கச் சொல்லலாம்னு காலையில காலியா விட்டு வச்சேன். வயர் இழுத்து, நடுவருங்களுக்குப் பொத்தானைக் காட்டிக் குடுக்கவே பொழுது போச்சு. சுத்தமா மறந்துட்டேன்.

— வாயால சொல்லச் சொல்லலையே தாயி, எழுதத்தானே சொல்றேன்!

— ஆளுயர எழுத்துல வரும்ணே. மாமியார் ரெண்டாவது வரிசையில இருக்காங்க. அத் பாஷியில இருந்து நாத்தனாருங்க மூணு பேரும் வந்திருக்காங்க. இந்தத் திரையை நான்தான் நடத்துறேன்னு எல்லாருக்கும் தெரியும். நீங்க ஓடி வந்து அடிச்சிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.

— எப்படிம்மா வர? படிக்கட்டு பூரா ஜனம். ஈ நுழைய இடமில்ல. அறிவிப்பாளரைப் பிடிச்சு நிறுத்தவா, உன்கிட்ட ஓடி வரவா? அல்லாவே! புருல், அந்தப் பையன் ஓரமா நின்னு திரையையே பாத்துட்டு இருக்கான். முகம் செத்துப் போச்சு.

— சொல்லாதீங்க அண்ணே. எனக்கு அழுகை வருது.

— அழுதுகிட்டே அடி! ரெண்டு நிமிஷம்தான்.

— அடிக்கிறேன், அடிச்சிர்றேன்... ஐயோ, கதவு திறக்குது!

— என்ன கதவு?

— மாமா! நீங்க எப்படி இங்க?

— கெழவன் வந்தா கூட்டம் வழி விடும்மா. நகரு. மொத எழுத்து எங்க இருக்கு?

— மாமா, மன்னிச்சிருங்க, நான் வேணும்னு...

— கேளு, காலியா கெடந்ததைப் பாத்ததுமே எனக்கு வெளங்கிருச்சு. எம்பேரை நான் எழுதலாமில்ல? இதா? அடுத்தது?

— அதுக்குப் பக்கத்துல. ஆமா. அது, அப்புறம் மேல. போதும் மாமா, இப்ப இந்தப் பச்சையை அமுக்குங்க.

— வந்துருச்சு! புருல், பேரு வந்துருச்சு, மொத்தமும் வந்துருச்சு! பையன் ரெண்டாவது! நாலு பேரு ஒன்பது போட்டிருக்காங்க, எவனோ ஒருத்தன் ஆறு போட்டு கவுத்திருக்கான். இரு, இரு. மாடியில யாரு அடிச்சது? நடுவர் நாற்காலி ஏன் காலியா இருக்கு?

— நான்தான் ரிஸ்பெக், இங்க இருக்கேன்.

— பெரியவரே! முடிவு பூட்டுறதுக்கு முன்னாடி மேசையை விட்டு எந்திரிச்சா அந்த நடுவர் போட்ட மார்க்கெல்லாம் செல்லாது, அழிச்சிரணும். விதியில இருக்கே! உங்களுக்கு யாரும் சொல்லலையா?

— மாமா, ஓடிப் போய் உக்காந்துருங்க, இன்னும் யாரும் பாக்கல!

— பாக்கட்டும். புருல், எம் மார்க்கை அழி. எல்லாருக்கும் போட்டதையும் அழி.

— எதுக்கு மாமா? எனக்காகவா?

— உனக்காக இல்லம்மா. இருபது வருஷம் நானும் மேடையில பாடினவன். எம்பேரை வச்சுக்கிட்டு ஒரு பொடியன் வந்து என்னைவிட நல்லாப் பாடினான், பொறுக்கல. அந்த ஆறு நான் போட்டது.