கைப்பிடியில் மஞ்சள் அட்டை

எனக்குக் காலை நடை பிடிக்கும். ஓக்காலா நகரில் எங்கள் முதியோர் குடியிருப்பின் தாழ்வாரங்களில் முதல் சுற்று என்னுடையதுதான். படுக்கப் போகும்போது ஒவ்வொருவரும் கதவின் வெளிக் கைப்பிடியில் ஒரு மஞ்சள் அட்டையை மாட்டிவிட வேண்டும். எழுந்ததும் உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். காலை உணவு முடிந்த பிறகும் அட்டை தொங்கினால் நான் கதவைத் திறந்து பார்ப்பேன். பாதுகாப்புப் பொறுப்பாளர் நான்தான்.

அங்கே இருக்கும் கிழடுகளை எனக்குப் பிடிக்காது என்பதை மறைக்கவில்லை. சிறுநீரும் பவுடரும் கலந்த வாடை, தட்டோரம் கழற்றி வைத்த பல்செட்டு, எதற்கெடுத்தாலும் என் கையைப் பிடித்துக்கொள்ளும் ஈர விரல்கள். குமட்டிக்கொண்டு வரும். ஆனாலும் சிரித்த முகமாகத்தான் இருப்பேன். எர்வின் ஸ்டோக்லி மட்டும் கண்டுபிடித்துவிட்டார். ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். "என்ன கிளெண்டா, மூக்கப் பொத்தாம வந்துட்டே? நான் இன்னும் அழுகல, போ," என்பார்.

ஆம்புலன்ஸ் வந்துபோனால் அங்கே என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. அந்த வாரம் ஒன்று வந்தது. யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வில்மா கிழவி, "அடுத்தது நான்தானே?" என்று அழுது, என் சட்டையிலேயே மூக்கைத் துடைத்தாள்.

வெள்ளிக்கிழமை, கீழே விழாமல் இருப்பது எப்படி என்று ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தேன், கேக்கோடு. அவர்களுடைய பிள்ளைகளெல்லாம் வருவதாக இருந்தார்கள். அன்று பார்த்து எர்வினின் அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தரையைத் தட்டும் சத்தம் கேட்டது.

அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். வெறும் கைப்பிடியைப் பார்த்தவர்கள், மனிதர் எழுந்துவிட்டார் என்று நிம்மதியாகக் கடந்து போனார்கள். சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று கேட்டவர்களிடம், வயிறு சரியில்லை, அறையிலேயே சாப்பிடுகிறார் என்றேன். கூட்டம் நன்றாக நடந்தது. வில்மா இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள். இரவு அட்டையை நானே மாட்டினேன். காலையில் நானே எடுத்தேன். அதற்குள் தட்டுவது நின்றிருந்தது. வாடை வெளியே வந்த பிறகுதான் திறந்தோம். கதவுவரை ஊர்ந்து வந்திருந்தார்.

நான் அலட்சியமாக இருந்தேன் என்கிறார்கள். அது பொய். முதல் நாளே கதவோரம் குனிந்து, "எர்வின், நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"விழுந்துட்டேம்மா. கொஞ்சம் தொறம்மா," என்றார்.

என்னிடம் அவர் அவ்வளவு பணிவாகப் பேசியதே இல்லை. கேக் வெட்ட நேரமாகிவிட்டதால் வந்துவிட்டேன். என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். விசாரிக்காமல் போனேன் என்று மட்டும் எழுதாதீர்கள்.