பத்திநாதர் செய்த மைக்

இல்லைப் பிள்ளை, உங்களில பிழை சொல்ல வரேல்லை. உங்கட தேங்காயிலயும் பிழையில்லை. தேங்காய் எண்டா திருவத்தானே வேணும். ஆனா அந்தத் திருவுற சத்தம் என்ர மனுசியின்ர பாட்டுக்கு மேலால வந்து நிக்குது. அதைத்தான் சொல்ல வந்தனான்.

நான் பத்திநாதர், பக்கத்து வீடு. நீங்கள் குடிவந்த அண்டைக்கு லிஃப்ற் வேலை செய்யேல்லை, மெத்தையின்ர மற்ற முனையைப் பிடிச்சது நான்தான். நீங்கள் நிரஞ்சனி எல்லோ? ஓம். நீங்கள் பேர் சொல்லேல்லைத்தான். பல்லு டொக்டரிட்டை ரெலிபோனில சொன்னியள், அது எங்கட ரெக்கோடிங்கில விழுந்து கிடக்கு. கடவாய்ப் பல்லு எண்டும் சொன்னியள். இப்ப சுகமோ? நான் ஒட்டுக்கேக்கேல்லைப் பிள்ளை. தானா வந்து விழுந்தது.

உள்ளுக்கு வரலாமோ? பிளக் ஒண்டு வேணும். இது சூடாகக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதுக்குள்ள விசயத்தைச் சொல்லிப்போடுறன். உந்தப் பெட்டியைத் தொடாதேங்கோ. கரண்ட் அடிக்காது. ஆனா தொடாதேங்கோ. எனக்கு அடிச்சது வேறை கதை.

இதுதான் மைக். முழுக்க என்ர கையால செய்தது. உள்ளுக்குள்ள வால்வ் இருக்கு, பழைய றேடியோப் பெட்டியளுக்குள்ள செம்மஞ்சளா எரியுமே ஒரு கண்ணாடிக் குழாய், அது. பெரிய ஸ்ரூடியோக்களில இப்பவும் பாட்டுக்கு இதுதானாம். குரல் உருண்டு திரண்டு வருமாம். எங்கட மகன் டனிஸ்ரன் சொன்னான், "அப்பா, ஒண்டை வாங்குங்கோவன்" எண்டு. வாங்க ஆருக்கும் ஏலும்... உடம்பு பித்தளைக் குழாய். லாசால் பக்கத்துப் பழைய சாமான் கடையள் முழுக்க அலைஞ்சு எடுத்தது. முகத்தில கிடக்கிற வலை தேத்தண்ணி வடி. ஓம், எங்கட வடியைத்தான் வெட்டினனான். என்ர மனுசி அக்னெஸ் அதுக்குப் பிறகு கொஞ்ச நாளா இலையோட தேத்தண்ணி தந்தவ, அவ்வளவுதான்.

என்ன, தேத்தண்ணியோ? வேண்டாம் பிள்ளை, கரைச்சல்... வடிச்சுத் தருவியளோ? அப்ப போடுங்கோ.

எங்க விட்டனான்? ஆ, அக்னெஸ். எங்கட மாதா கோயில்ல தவக்காலப் பாட்டுகளைச் சேத்து ஒரு தொகுப்புப் போடினம். தனிக்குரல் எப்பவும் அக்னெஸ்தான். அதுக்காகத்தானே இந்த மைக்கைச் செய்தன். குசினிச் சுவரோட வைச்சுப் பாட விட்டன், பதிஞ்சன், கோயில் மண்டபத்தில எல்லாருக்கும் போட்டுக் காட்டினன். பிள்ளை, அக்னெஸின்ர குரலை ஆரோ அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டின மாதிரி வருது. மேலால உங்கட தேங்காய். அதுக்கும் மேலால உங்கட பல்லு. பாடகர் குழு முழுக்க என்னைப் பாக்குது. நான் என்ன சொல்லுறது? மைக்கில பிழை எண்டு சொல்லேலுமோ? கோயில் சுவாமியார் செபம் சொல்லி மந்திரிச்ச மைக். அப்ப சொன்னன், "அக்னெஸுக்கு வரவரக் குரல் உள்ளுக்குப் போகுது, வயசும் போகுதெல்லோ" எண்டு. கேட்டதைத்தானே சொன்னன்.

அவ பாட்டுத் தாளைக் குழுவில பாடுற றொசானாவிட்டைக் குடுத்தா. கோட்டைப் போட்டா. போய்க் காரில ஏறி இருந்தா.

அண்டையில இருந்து பாடுறேல்லை. சமைக்கேக்கையும் இல்லை, உடுப்பு மடிக்கேக்கையும் இல்லை. முந்தி விடிய எழும்பினா நித்திரைப் பாயில கிடக்கிற எனக்குக் குசினியில இருந்து பாட்டு வரும். இப்ப பிறிட்ஜ் மட்டும்தான் உறுமுது. நான்தான் விடாமல் கதைச்சுக்கொண்டு திரியிறன். அவ "ஓம்" எண்டுவா. ஒரு வீட்டுக்கு என்ர கதை மட்டும் காணுமோ? காணாது பிள்ளை. எனக்கே காணாது.

சனிக்கிழமையோட பதிவு முடியுது. அதுக்குப் பிறகு றொசானாவின்ர குரல்தான் போகும். அவ நல்லாப் பாடுவா, இல்லையெண்டில்லை. ஆனா அக்னெஸ் பேந்து கோயில்லயும் வாய் திறக்கமாட்டா, எனக்குத் தெரியும். அதுதான் உங்களைக் கேக்கிறன், ஒரு நாள் பின்னேரம் தேங்காய் இல்லாமல் இருங்கோ. நான் எப்பிடியும் கெஞ்சிக் கூத்தாடி அவவைப் பாட வைச்சுப்போடுறன்.

செய்த வேலையில ஒரு குறை சொல்லேலாது. இஞ்ச பாருங்கோ, முன்னுக்கு ஒட்டிக் கிடக்கிறது மடு மாதாவின்ர பதக்கம். பாடுறவை மாதாவைப் பாத்துப் பாடவேணும். உள்ளுக்குள்ள மெல்லிசா ஒரு வட்டத் தகடு இருக்கு, அதுதான் மைக்குக்குக் காது. ஒரு பக்கம் தங்கம் பூசினது. விக்கிறவன் அந்தத் தங்கப் பக்கத்தைப் பாடுறவைக்கு நேர வைக்கச் சொல்லி எழுதியிருந்தான். அவனுக்கென்ன தெரியும்? பாடேக்கை எச்சில் தெறிக்கும். நீங்கள் சைவக்காரர், உங்களுக்கு விளங்கும், மந்திரிச்ச சாமானில, அதுவும் தங்கத்தில, எச்சில் பட விடுவியளோ? நான் தங்கப் பக்கத்தை மற்றப் பக்கம் திருப்பி வைச்சு ஈயம் உருக்கி ஒட்டினன். இப்ப மாதா பாடுறவையைப் பாக்கிறா, தங்கம் பத்திரமா சுவரைப் பாக்குது.

ஏன் பிள்ளை அப்பிடிப் பாக்கிறியள்?

சரி, சூடாகியிட்டுது. இப்பிடி மேசையில வைக்கிறன், மாதா உங்களுக்கு நேர. நான் ஹெட்போனைப் போடுறன். ஏதாவது கதையுங்கோ... இன்னும் கொஞ்சம் உரத்து. கிட்டத்தான் இருக்கிறியள், ஆனா கிணத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கிடக்கு. உங்களுக்கும் குரல் உள்ளுக்குப் போகுதோ? சின்ன வயசுதானே.

பொறுங்கோ. ஆரோ பாடினம். றேடியோ போட்டிருக்கிறியளோ?

இல்லையோ...

உந்தச் சுவருக்கு அங்கால எங்கட குசினியெல்லோ.

அக்னெஸ். பிள்ளை, அக்னெஸ் பாடுறா. தவக்காலப் பாட்டுத்தான், ரண்டாம் அடி... நான் வெளிக்கிட்டு வந்தாப்போல தொடங்கியிருக்கிறா. சுவருக்குள்ளால வருது பாருங்கோ, மூச்செடுக்கிறதுகூடக் கேக்குது. இந்தக் குரலையோ நான்...

மைக் எந்தப் பக்கம் பாக்குது? தங்கம் அங்கால. ஓம். தங்கம் அங்கால.

கூப்பிட வேண்டாம், பிள்ளை, இருங்கோ. நான் கேக்கிறன் எண்டு தெரிஞ்சா நிப்பாட்டிப்போடுவா. நான்தான் போகவேணும். போய், மைக்கைத்தான் மாறிப் பூட்டினனான் எண்டு சொல்லவேணும். மண்டபத்திலயும் சொல்லவேணும், எல்லாருக்கும் முன்னால, றொசானாவுக்கும் முன்னால. சொல்லுறன். சனிக்கிழமைக்கு முதல் சொல்லுறன். இந்தப் பாட்டு முடியட்டும்.

தேத்தண்ணியை அதில வையுங்கோ. கோப்பைச் சத்தம் கேக்காமல்.

கொஞ்சம் கதைக்காமல் இருங்கோ பிள்ளை.