மேல்தளத்துக் காற்று

சன்னல் அடைத்த அறையில் என்னால் உட்கார முடியாது. கொஞ்சம் திறந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிவிடுவேன். நன்றி, ஐயா.

போர்க்கப்பல்களில் தூசி அளப்பது அப்போது என் வேலை. ஓர் ஆளின் சட்டைக் காலரில் சின்னப் பம்ப் ஒன்றை மாட்டி, அவர் வேலைநேரம் முழுக்க ஓடவிட வேண்டும். அதன் ஃபில்டரில் படிவதைச் சோதனைக்கூடத்தில் எண்ணுவார்கள். நீங்கள் விசாரிக்கிற அந்தக் கிழட்டுக் கப்பலில் நான் மாட்டிய ஆள் என் தங்கை புருஷன், பாய்லர் அறை மெக்கானிக். நீராவிக் குழாய்களில் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸை வெறுங்கையால் பிய்த்துப் புதிதாக அப்புவார். மாவுமில்லில் இருந்து வருபவர் போலத்தான் மேலே ஏறி வருவார்.

முதல் முடிவு, அனுமதித்த அளவுக்கு நாற்பது மடங்கு. அதை அனுப்பினால் கப்பலைக் கரையில் கட்டிவிடுவார்கள். பாய்லர் அறையே திரண்டு வந்து என் முன்னால் நின்றது.

"மச்சான், ஒரு காகிதத்தால எங்களத் திக்குக்கு ஒருத்தராச் சிதறடிச்சிடாதீங்க" என்றார் மாப்பிள்ளை.

எனக்கு மனசு கேட்கவில்லை. பம்ப்பில் கோளாறு, மறுபடி அளக்கிறேன் என்று அவர்களிடம் சொன்னேன். அதை என் காலரிலேயே மாட்டிக்கொண்டு, மேல்தளத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படித்தேன். ஃபில்டர் டப்பாவில் மாப்பிள்ளை பேரை எழுதினேன். பதினோரு வருஷம் அப்படித்தான். கீழே நான் இறங்கவே இல்லை. அந்த முதல் முடிவைப் பார்த்தவன் எவன் இறங்குவான், சொல்லுங்கள்.

மாப்பிள்ளை என் அறிக்கையை அப்படியே நம்பிவிட்டார். "எங்க மச்சானே அளந்தது. ஆஸ்பத்திரியில கூட இந்தக் காத்து கிடைக்காது. அந்த மூக்குப்பையக் கழட்டுங்கடா" என்று மற்றவர்களின் மாஸ்க்கையும் கழற்றவைத்தார். அதைக் கேட்டபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. எல்லாரும் சிரித்துக்கொண்டு இருந்தார்கள்.

இந்தத் தூசி அவசரப்படாது, ஐயா. அவர் ஓய்வுபெற்று இருபது வருஷம் கழித்துத்தான் இருமல் வந்தது, இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கியது. டாக்டர் வேலையைப் பற்றிக் கேட்டதும் தங்கை பத்திரமாக வைத்திருந்த அறிக்கைகளை எடுத்து நீட்டினாள்.

"எங்கண்ணன் கைப்பட எழுதினது, டாக்டர். அதுல தப்பு இருக்காது."

டாக்டர் என்னைப் பார்த்தார். தங்கையும் பார்த்தாள். தூசி இல்லை என்றேன். எட்டு மாதம் காசநோய்க்கு மருந்து கொடுத்தார்கள். அந்த எட்டு மாதத்தில் நுரையீரலைச் சுற்றி வந்திருந்த புற்றுநோய் முற்றிவிட்டது. பாய்லர் அறையில் செத்துப்போன மற்ற ஆறு பேரைப் பற்றி உங்களிடமே காகிதம் இருக்கிறது.

கடைசி நாள் மத்தியானம் மாப்பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், எம் பேச்சக் கேட்டுத்தான் பசங்க மாஸ்க்கக் கழட்டினாங்க. அது நெசமாவே நல்ல காத்துதான?"

"நல்ல காத்துதான், மாப்பிள்ளை."

அவர் முகம் தெளிந்துவிட்டது. மனசில் ஒரு பாரமும் இல்லாமல் போய்ச்சேர்ந்தார். அந்த நிம்மதியைக் கொடுத்தவன் நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.