கீழே இருக்கும் பொத்தான்

கோட்டுக்குப் பொத்தான் போடக் கட்டைவிரல் வேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் யாரும் யோசித்துப் பார்ப்பதில்லை. ஒன்றரை வருடமாக என் மகள் தூருனுக்கு நான்தான் பொத்தான் போட்டுவிடுகிறேன். அவள் இரண்டு கட்டைவிரல்களையும் உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி தாடையைத் தூக்கிக் காட்டுவாள். இங்கே அவளுக்கு யார் போட்டுவிடுகிறார்கள் என்று முதலிலேயே கேட்க நினைத்தேன். பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா. பதிவு செய்யும் அந்தப் பெட்டியும் ஓடட்டும். ஆனால் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். வாசிப்பவர் எதை விட்டுவிட்டு வாசிக்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் தீவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பள்ளிக்கூடம். அந்த நாளிலும் பாதி நேரம் அப்பாவோடு படகில் இருந்தேன். எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும். சேர்ந்து நின்றால் நான் அவற்றை நம்புவதில்லை.

ஒன்பது நாளைக்கு முன் தூருன் தானாக இந்தப் போலீஸ் நிலையத்துக்கு வந்து, தன் புருஷன் வேகாரை வேண்டுமென்றே கொன்றதாகச் சொல்லியிருக்கிறாள். நீங்களும் அவளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அது பொய். அவளை வீட்டுக்குக் கூட்டிப்போகத்தான் வந்தேன். நடந்ததைச் சொன்னால் போதும் என்று வக்கீல் சொன்னார். வக்கீலையும் நான் நம்பவில்லை. ஆனால் ஒன்பது நாள் நீண்ட நாள்.

எங்கள் படகில் நாங்கள் மூன்று பேர்தான், நான், தூருன், வேகார். கடலில் சால்மன் மீன் வளர்க்கும் கூண்டுகளுக்குப் போய் வலை கழுவிக் கொடுப்போம். அதற்கென்று ஒரு இயந்திரம் உண்டு, சாப்பாட்டு மேசை அளவு இருக்கும். தண்ணீருக்குள் வலைமேல் ஊர்ந்து போகும். அடியில் ஐந்து தட்டுகள். மேலே படகிலிருக்கும் பம்ப் தண்ணீரை நெருக்கித் தள்ளினால் தட்டுகள் சுழன்று ஊசி ஊசியாகப் பீய்ச்சும். வலையில் ஒட்டிய சிப்பி எல்லாம் தெறித்துவிடும். ஒருமுறை பழைய ரப்பர் பூட்ஸ் ஒன்றை அதன் முன்னால் கட்டிப் பார்த்தேன். குதிகால் மட்டும் மிஞ்சியது.

பம்ப் என் பொறுப்பு. இயந்திரத்தை வேகார் ஓட்டுவான், சில நாள் தூருன் ஓட்டுவாள். சுக்கான் அறையில் ஒரு கம்ப்யூட்டர், இயந்திரத்திலிருக்கும் கேமரா பார்ப்பது அதன் திரையில் தெரியும். அதில் சொருகிய ஒரு கன்ட்ரோலர். பிள்ளைகள் வீடியோ கேம் விளையாடும் அதே சாமான்தான். அதன் வலது பக்கம் நான்கு பொத்தான்கள். கீழே ஏ, வலப்பக்கம் பி, இடப்பக்கம் எக்ஸ், மேலே ஒய். எந்த எழுத்துக்கு என்ன வேலை என்று திரையின் ஓரத்திலேயே போட்டிருக்கும். ஏ என்றால் கழுவு, அழுத்திப் பிடித்திருக்கும் வரை தட்டுகள் சுழலும். எக்ஸ் என்றால் நில், அழுத்திப் பிடித்தால் இயந்திரம் வலையைக் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும். தூருன் அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் ஓட்டுவாள். அவள் நன்றாகப் படித்த பெண்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா இல்லாத பிள்ளை, எட்டு வயதிலிருந்து நான் வளர்த்தேன். வேகார் செத்த வருடம் அவளுடைய மேல் கைகளில் நீல நீலமாகக் கன்றியிருந்ததைப் பார்த்தேன். கேட்டதற்கு, குழாயைத் தோளில் போட்டு இழுக்கும்போது பட்டது என்றாள். நான் நம்பவில்லை. இலையுதிர் காலத்தில் தெற்கே பெர்கன் நகரத்துக்குப் போய்க் குடியேறப் போவதாக வேகார் சொன்னான். நீங்களும் வாருங்கள் என்றான். அதையும் நான் நம்பவில்லை. அடிக்கிறவன் ஆளில்லாத இடத்துக்குத்தான் கூட்டிப்போவான். அப்பனாக இருக்கிறவன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. இதைக் கொஞ்சம் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பாடு. அவனுடைய அப்பாவும் அம்மாவும் வந்திருந்தார்கள். வேகாருக்கு டிவியில் விளையாடும் கேம் பெட்டி ஒன்று உண்டு. அதன் கன்ட்ரோலரைக் கழற்றி வீட்டுக் கம்ப்யூட்டரில் சொருகி, அங்கே ஏதோ ஒரு விளையாட்டைப் போட்டு என் கையில் கொடுத்தான். திரையில் ஒருவன் மாடி விளிம்பில் நின்றான்.

"மாமா, திரையில என்ன போட்டிருக்கு பாருங்க. எக்ஸ். எக்ஸை அழுத்துனா கம்பியப் பிடிச்சுக்குவான்."

நான் பார்த்தேன். எக்ஸ் எனக்குத் தெரிந்த எழுத்து. கையில் பார்த்தேன், கீழே ஒரு பொத்தானில் எக்ஸ் போட்டிருந்தது. அழுத்தினேன். திரையில் இருந்தவன் மாடியிலிருந்து குதித்துத் தெருவில் விழுந்து செத்தான்.

வேகார் சிரித்தான். "அது எக்ஸ் இல்ல மாமா, பெருக்கல் குறி. இந்த கன்ட்ரோலர்ல எழுத்தே கிடையாது. பெருக்கல், வட்டம், சதுரம், முக்கோணம். கம்ப்யூட்டருக்கு இந்தக் குறியெல்லாம் தெரியாது, இடம்தான் தெரியும். கீழ இருந்தா அது ஏ. எக்ஸ் வேணும்னா இடது பக்கம், இந்தச் சதுரம்." பிறகு தன் அப்பாவைப் பார்த்து, "அறுபது வருஷமா கடல்ல விழாத மனுஷன், எங்க வீட்டு சோபாவுல உக்காந்து மாடியிலருந்து விழுந்துட்டாரு" என்றான்.

மூன்று பேரும் சிரித்தார்கள். அது பரவாயில்லை, அவர்கள் எனக்கு யாரோ. அப்போது தூருன் அடுப்படியிலிருந்து வாஃபிள் தட்டோடு வந்தாள். அவன் விளக்கியதை அவள் கேட்கவில்லை. என்னைப் பார்த்தாள், தட்டைக் கீழே வைத்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். "எதுக்குன்னே தெரியலப்பா, உங்க மூஞ்சியப் பாத்தா சிரிப்பு வருது" என்றாள்.

எதற்குச் சிரிக்கிறோம் என்று அன்று அவள் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. அதில் என் தவறு ஒன்றும் இல்லை.

மே மாதம் படகிலிருந்த கன்ட்ரோலர் உப்புத்தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்தது. புதிது வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். வேகார் வீட்டிலிருந்து தன்னுடையதைக் கொண்டுவந்து சொருகினான். கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டது. திரையின் ஓரத்தில் மட்டும் பழையபடி ஏ, பி, எக்ஸ், ஒய். காலையில் இரண்டு கூண்டு கழுவி முடித்தான். அவன் விரல்களுக்குப் பழக்கம், எழுத்தைப் பார்க்கவே மாட்டான்.

மூன்றாவது கூண்டில் வலை கிழிந்திருந்தது, கை நுழையும் அளவு. உடனே தைக்காவிட்டால் மீன் வெளியே போய்விடும். வேகாருக்கு முக்குளிக்கத் தெரியும், தானே இறங்குகிறேன் என்றான். ஆள் தண்ணீரில் இருக்கும்போது இயந்திரம் மேலே இருக்க வேண்டும், அது சட்டம். ஆனால் தைக்க வெளிச்சம் வேண்டும், இயந்திரத்தில் நல்ல விளக்கு இருந்தது. அது அங்கேயே நிற்கட்டும் என்றான். தூருன் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உடுப்பை மாட்டிக்கொண்டே சொன்னான். "மாமா, பம்ப் ஆஃப்லயே இருக்கட்டும், கைய வெச்சுடாதீங்க. அப்புறம் தூருன்கிட்ட சொல்லிடுங்க, இதுல பட்டன் வேற மாதிரி. நிறுத்தணும்னா சதுரம்."

"சொல்றேன்" என்றேன்.

என் தோளில் தட்டினான். இறங்கினான்.

நான் சுக்கான் அறைக்குப் போனேன். தூருன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டாள்.

"இயந்திரம் நகந்தா எக்ஸை அழுத்திப் பிடிக்கச் சொன்னான்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"காப்பி ஆறுதுப்பா, குடிச்சிட்டுப் போங்க" என்றாள். குடித்தேன். ஆறித்தான் இருந்தது.

வெளியே வந்து பம்ப்பைப் போட்டேன். படகு இன்ஜின் ஓடும்போது பம்ப் சத்தம் தனியாகக் கேட்காது. இயந்திரத்தின் குழாயைப் பிடித்திருந்த உருளையை ஒரு ஆள் நீளத்துக்குத் தளர்த்தினேன். பிறகு அறை வாசலில் வந்து நின்றேன். பம்ப்பை நிறுத்தும் சிவப்புக் குமிழ் என் இடது கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அங்கிருந்து திரையும் தெரிந்தது.

இயந்திரம் வலையில் சறுக்கி அவன் பக்கமாகப் போனது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, நகருது" என்றாள்.

"எக்ஸ்" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். கீழே எக்ஸ் மாதிரியே ஒன்று இருந்தது. அதை அழுத்தினாள்.

உங்களிடம் படம் இருக்கிறது, எத்தனையோ முறை பார்த்திருப்பீர்கள். முதலில் காற்றுக்குழாய் போனது. அவன் திரும்பி, கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்தான். கை அங்கே இருந்தது, பிறகு இல்லை. உடுப்பு தோளிலிருந்து இடுப்பு வரை திறந்துகொண்டது. உள்ளே இருந்ததும் திறந்துகொண்டது. திரை வெள்ளையானது, பிறகு கறுத்தது. விளக்கு நல்ல விளக்காக இருந்ததால் நடுநடுவே தெரிந்தது.

"நிக்கலப்பா, நிக்க மாட்டேங்குது" என்றாள். போதுமான அளவு அழுத்தவில்லை என்று நினைத்து, ஒரு கட்டைவிரல்மேல் இன்னொரு கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். நகம் வெளுத்துப்போகும் அளவுக்கு.

"விடாத, அழுத்து" என்றேன்.

பதினொன்று எண்ணினேன். பிறகு சிவப்புக் குமிழை அடித்தேன். நான் முதலிலேயே அடித்திருந்தால் அவள் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. மீன்களுக்கு இயந்திரம் பழக்கம். அது ஓடும்போது ஒதுங்கும், நின்றதும் திரும்பி வரும். திரும்பி வந்தன. அவனை மேலே இழுத்தபோது நான் நினைத்ததைவிடக் கனம் குறைவாக இருந்தான்.

விசாரணையில் விபத்து என்று முடித்தார்கள். பழக்கதோஷத்தில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, அவசரத்தில் பொத்தான் மாறிவிட்டது, சொல்ல வேண்டியவன் சொல்லாமல் இறங்கிவிட்டான். என்னைப் பற்றி ஒரே ஒரு வரி இருந்தது. அந்த முதியவர் அக்கருவியைப் புரிந்துகொள்ளக்கூடிய நிலையில் இல்லை. எல்லோர் முன்னாலும் அதைச் சத்தமாக வாசித்தார்கள். நான் அந்தக் கருவியை அந்தப் படகில் இருந்த எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தேன், அம்மா. ஒரே முறை கையில் வாங்கிப் புரிந்துகொண்டேன். பழைய கன்ட்ரோலர் வாளிக்குள் தானாக விழவில்லை. படித்தவர்கள் எழுத்தை நம்புவார்கள். நான் இடத்தைப் பார்க்கிறவன். அந்த வரியை இப்போது மாற்றி எழுத முடியுமா?

அவனை அறுத்துப் பார்த்த டாக்டர் அவனுடைய மேல் கைகளிலும் பழைய நீலக் கன்றல்கள் இருந்ததாகச் சொன்னார். குழாய் இழுப்பவர்களுக்கு வருவதுதான் என்றார். டாக்டர்கள் ஏதாவது சொல்வார்கள்.

தூருன் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். பெர்கன் பேச்சு நின்றது. முதல் குளிர்காலத்தில் ஒரு காலை, அடுப்புத் தட்டு சிவக்கும் வரை காத்திருந்து இரண்டு கட்டைவிரல்களையும் அதன்மேல் வைத்து அழுத்தினாள். நான் காப்பிப் பொடி எடுக்கப் போயிருந்தேன். வந்து பார்க்கும்போது வாடை வந்தது, அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பது, பத்து. நான்தான் பிடித்து இழுத்தேன். பதினொன்று வரை விடவில்லை.

அதிலிருந்து எல்லாம் நான்தான் செய்கிறேன். உருளைக்கிழங்கு உரித்துக் கொடுக்கிறேன், மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறேன். கொடுத்ததைச் சாப்பிடுவாள். என் எதிரில் உட்கார்ந்திருப்பாள். ஒன்றரை வருடத்தில் ஒரு நாளும் என் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்ததில்லை. நல்ல பிள்ளை. அவள் எங்கும் போகாமல் இருந்திருந்தால் நான் இதையெல்லாம் உங்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே வந்திருக்காது.

சொல்லிவிட்டேன். பம்ப் போட்டது நான், குழாயைத் தளர்த்தியது நான், சதுரம் என்பதை எக்ஸ் என்று மாற்றிச் சொன்னதும் நான். தெரிந்தேதான் சொன்னேன். வேண்டுமென்று செய்தவள் அவள் இல்லை என்பதற்கு இது போதும். இனி அவளை விட்டுவிடலாம். நாலு மணிக்கு எங்கள் தீவுக்குப் படகு இருக்கிறது, இரண்டு சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் இரண்டு பேருக்குக் கிழங்கு உரித்துத் தண்ணீரில் போட்டு வந்திருக்கிறேன். கோட்டை என்னிடம் கொடுங்கள், நானே போட்டுவிடுகிறேன்.

ஒன்றே ஒன்று. அந்தச் சதுரம் விஷயத்தை மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள். தெரிந்தால், அவனை நான்தான் கொன்றேன் என்று நினைத்துவிடுவாள்.