சூரியன்கிட்ட இழுத்த ஒயரு

இல்லம்மா, ஜன்னல் சீட்டு நீயே வெச்சுக்கோ. எங்க வீட்டுக்காரரு ஒருத்தரே ஊர்க் காத்தையெல்லாம் வாங்கிக்கினு இருக்குறாரு, எங்க குடும்பத்துக்கு அது போதும். இன்னா சொல்லிக்கினு இருந்தேன்? ஆங், சைக்கிளு. தமாஷு இல்லமா, நெசமாவே சைக்கிள்லதான் கன்னியாகுமரிக்குக் கெளம்பியிருக்காரு. ராஜவேலுன்னு பேரு. காஞ்சி ஐயம்பேட்டையில யாரை வேணா கேளு, சொல்லுவாங்க. சொல்லிட்டுச் சிரிப்பாங்க.

வயசா? டெலிபோன் ஆபீஸ்ல ரிட்டயர்டு ஆயிட்டாரு, நீயே பாத்துக்கோ. ரிட்டயர்டு ஆனவங்க பேப்பர் படிப்பாங்க, பேரன் பேத்தியை ஸ்கூல்ல உடுவாங்க. இவரு மெட்ராஸுக்குப் போயி ஒரு சோலார் போர்டு வாங்கியாந்தாரு. வடாம் காயவெக்கிற தட்டு மாதிரி, கறுப்பா, மேல கண்ணாடி. அதை கேரியர்ல கட்டி, கீழ ஒரு பேட்டரி, போனுக்குச் சார்ஜு ஏத்த. அந்தப் பேட்டரியை நீ தூக்கிப் பாக்கணும், அம்மிக்கல்லு. போனு இன்னா கனம் இருக்கும்? சோப்புக் கட்டி கனம். அந்தச் சோப்புக் கட்டிக்குச் சோறு போட அம்மிக்கல்லை இஸ்துக்கினு போறாரு. அது மட்டுமா, போட்டோ கேமரா, ரேடியோ, லைட்டு, மூஞ்சிக்கு நேரா ஒரு குட்டி ஃபேனு. சைக்கிள்ல போற மனுசனுக்கு ஃபேனு எதுக்குங்கன்னு கேட்டேன். நிக்கிறப்போ வேணும்ல அப்படீன்றாரு.

பேனரு வேற. சூரிய சக்தியில் காஞ்சி முதல் குமரி வரைன்னு. மிதிக்கிறது உங்க காலு, சூரியனா மிதிக்குதுன்னேன். உனக்கு சயின்ஸ் தெரியாதுன்னுட்டாரு. வாஸ்தவம். எனக்குத் தெரியாதுதான்.

மொதல்ல டிரையல் போறேன்னு ஒரு நாள் சாயங்காலம் தாமல் ஏரிக்குப் போனாரு. தெருவுல தறிக்குப் பாவு இழுத்துக்கினு இருந்தவங்கல்லாம் வேலைய உட்டுட்டு நின்னு பாக்குறாங்க, அந்தப் போர்டு அவங்க கண்ணுல பளீர் பளீர்னு அடிக்குது. இவரு கையாட்டிக்கினு போறாரு. தெரு தாண்டி மேற்கால திரும்பினாரா, வெயிலு எதிர்ல. அவரு ஒடம்பு நிழலு மொத்தமும் பின்னாடி போர்டு மேல உழுது. சூரியனை இவரே மறைச்சிக்கினு ஏரிக்கரை வரைக்கும் மிதிச்சிருக்காரு. அங்க போயிப் பாத்தா ஒரு பொட்டு கரண்டு ஏறல. ஏரிக்கரையில இருந்தவங்க எலி மருந்து விக்கிறவருன்னு நெனச்சுக்கினு பாக்கெட்டு எவ்ளோன்னு கேட்டாங்களாம்.

அதேதாம்மா நானும் கேட்டேன். வழியில டீக்கடை இல்லையா, லாட்ஜு இல்லையா, ப்ளக்குல ஒரு மணி நேரம் சொருகினா ஆச்சு. சொருகமாட்டாரு. ஊருல எவன் ஊட்டு ப்ளக்குலயும் சொருகமாட்டேன்னு சபதம். போனு கூட வந்த சார்ஜரை அலமாரியில போட்டுப் பூட்டிட்டாரு.

எல்லாம் இவரு தம்பியால. தர்மன்னு பேரு, டிவி மெக்கானிக்கு. ஒரே ஊடுதான் அப்போ, ஒரே மீட்டரு, அது இவரு பேர்ல. தர்மன் ராப்பகலா டிவியைப் போட்டுப் போட்டு டெஸ்ட் பண்ணுவான். இவரு பின்னாடியே போயி சுவிட்சை அணைப்பாரு. கரண்டு பில்லு உன் மாமனாரா கட்றாருன்னு கேப்பாரு. ஒரு நாளு கோவத்துல மெயினையே டப்பு டப்புன்னு போட்டு அணைச்சாரு. யாரோ கஸ்டமரு குடுத்த டிவி, உள்ளேர்ந்து பொகை வந்துச்சு. தர்மன் எழுந்து வந்தான். உன் கரண்டும் வேணாம், உன் ஊடும் வேணாம், நீ சூரியன்கிட்டேர்ந்து ஒயரு இழுத்துக்கினு தனியா வாழுன்னுட்டான். பொண்டாட்டி லில்லியைக் கூட்டிக்கினு அவ பொறந்த ஊரு விழுப்புரத்துக்கே போயிட்டான். அங்கதான் இப்போ கடை.

அவன் ஏதோ வயித்தெரிச்சல்ல சொன்னது. இவரு நெசமாவே இழுத்துட்டாரு பாரு. பேச்சு நின்னு ஏழு வருசம். அம்மா செத்ததுக்கு வந்தான், ஆளுக்கொரு பக்கம் நின்னுக்கினு இருந்தாங்க. சடங்கு செய்யறப்போகூட இவரு பந்தக்கால்கிட்டதான் பேசினாரு, அவன் ஐயருகிட்ட பேசினான்.

போன பங்குனியில தர்மனுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில போட்டு, மார்பைத் தொறந்து ஆபரேஷன் பண்ணாங்க. நான் ஓடிப்போயிப் பாத்துட்டு வந்தேன். இவரு வரல. எப்படி இருக்கான்னு வாயைத் தொறந்து கேக்கவும் இல்ல. குளிக்கிற ரூம்புல கொழாயைத் தொறந்து உட்டுட்டு ரொம்ப நேரம் உள்ளயே இருந்தாரு. வெளிய வந்தா தலையில ஒரு சொட்டுத் தண்ணி இல்ல.

அடுத்த வாரமே இந்தச் சைக்கிளு. மேப்பு ஒண்ணு விரிச்சு என்னைக் கூப்பிட்டு வெச்சு, கன்னியாகுமரி போறதுன்னா விழுப்புரம் வழியாத்தான் போகணும், வேற ரூட்டு கெடையாதுன்றாரு. நான் கேட்டேனா? சொல்லு.

அப்படித்தான்மா, தம்பியைப் பாக்கத்தான். பஸ்ல ஏறி நேரா போயி நின்னா அண்ணன் எறங்கி வந்துட்டான்னு ஆயிடும்ல. டூர் போறவனுக்கு வழியில ஊரு வரும். ஆனா இவரைத் தெரியும் எனக்கு. அந்தத் தெருவுல நாலு சுத்து சுத்திட்டு, பெல்லடிச்சுட்டு, அப்படியே கன்னியாகுமரிக்குப் போயிடுவாரு. சாப்பாட்டுக்கு ஓட்டலு, தூக்கத்துக்குச் சத்திரம், கரண்டுக்குச் சூரியன். எவன் வாசல்லயும் போயி நிக்கத் தேவையே இல்லாம எல்லாத்தையும் கட்டி எடுத்துக்கினு போன மனுசனை எந்தக் கதவு கூப்பிடும்?

முந்தாநேத்து கெளம்புனாரு. நேத்து ராத்திரி திண்டிவனத்துலேர்ந்து காயின் போன்ல பேசறாரு. போர்டு வேலை செய்யல, பேட்டரி தீந்துடுச்சு, போன் செத்துப்போச்சு, மேகமா இருக்குதுன்றாரு. மேகமாம். தார் ரோடு உருகற வெயிலு. கேட்டுட்டு, ரிப்பேர் பாக்கற ஆளு ஒருத்தரை எனக்குத் தெரியும், விழுப்புரத்துலன்னேன். லைனு கட்டாயிடுச்சு. காயின் தீந்துபோச்சா, வெச்சுட்டாரான்னு தெரியல.

கேளேன். காலையில லில்லி போன் பண்றா. அக்கா, மாமா கடை வாசல்ல வடக்கால போறாரு, தெக்கால போறாருன்றா. அப்புறமா உள்ள வந்துட்டாராம். வந்து, எங்கயோ பாத்துக்கினு, இங்க ரிப்பேர் பாப்பீங்களான்னாராம். தர்மனும் தலையைத் தூக்காம, வெச்சுட்டு உக்காருங்க சாருன்னானாம். சாராம். பொட்டியைப் பிரிச்சுப் பாத்துட்டு, ஒயரு உட்டுப்போச்சு சார், ஈயம் வெச்சுப் பத்தவெக்கணும், அந்தக் கம்பி என் ஊட்டுக் கரண்டுலதான் சூடாவும், உங்களுக்குப் பரவால்லையான்னு கேட்டிருக்கான். கொழுப்புதான அவனுக்கும்.

இவரு ஸ்டூலை இஸ்துப் போட்டு உக்காந்தாராம். அப்புறம் தம்பி மார்பையே பாத்துக்கினு, தையலு வலிக்குதாடான்னாராம். இல்லன்னானாம். அப்போ சொருகுடா அப்படீன்னாராம்.

அவ்ளோதான். இப்போ ரெண்டு பேரும் ஒரே தட்டுல உப்புமா தின்னுக்கினு, அந்தக் காலத்து டிவி பொகைஞ்சதுக்கு யாரு காரணம்னு சண்டை போட்டுக்கினு இருக்காங்களாம். லில்லி ஒரே அழுகை, ஒரே சிரிப்பு.

அப்பதான் தர்மன் அவ கையிலேர்ந்து போனைப் புடுங்கினான். கடைக்கு வெளிய வந்து மெதுவா பேசறான். அண்ணி, ஒயரை எலி கடிச்சிருக்குன்னு அண்ணன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். ஆனா ரெண்டு முனையும் நேரா, சுத்தமா இருக்குது, அதுக்கு மேல அழகா டேப்பு வேற சுத்தியிருக்குது. உங்க ஊட்டு எலி கத்திரிக்கோல் புடிக்குமான்னு கேக்கறான்.

திண்டிவனம் தாண்டிட்டமா? ஆமா, அடுத்தது விழுப்புரம்தான். நான் இன்னா சொல்றது அவன்கிட்ட? புடிக்கும்பா, அது இப்போ பஸ்ஸு ஏறப்போவுது, அதுக்கும் ரெண்டு கரண்டி உப்புமா எடுத்து வெய்யின்னேன்.