வலது இருக்கைக்காரன்

பழநி முருகன் மேல் சத்தியம், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. அன்று மதியம் ஹூஸ்டனில் சாப்பிட்ட வத்தக்குழம்பு அருமையாக இருந்தது. நல்ல விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும் அல்லவா, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் சேனாபதி. இந்தியாவில் ஆயுசில் பெரும்பகுதி கேப்டனாகப் பறந்தவன். ஓய்வு பெற்று, மகன் ஏற்பாடு செய்த கிரீன் கார்டில் டெக்சஸ் வந்தேன். வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் ஒரு சின்ன வாடகை ஜெட் கம்பெனியில் சேர்ந்தேன். அந்த விமானத்தை ஓட்ட இரண்டு பேர் வேண்டும். இடது இருக்கை கேப்டனுக்கு, வலது இருக்கை துணை விமானிக்கு. எனக்கு வலது இருக்கையைக் காட்டினார்கள். இடது இருக்கையில் கயல்.

கயல் என்பவள் பக்கத்து ஊரான காப்பெல்லில் இருக்கும் ஜெயபிரகாஷின் மகள். இங்கேயே பிறந்தவள். பேத்தி வயது என்று மிகைப்படுத்த மாட்டேன், மகள் வயது. முதல் நாளே சொன்னாள்: "அங்கிள், எது தப்பா தெரிஞ்சாலும் உடனே ஸ்பீக் அப் பண்ணுங்க. கேப்டனாச்சேன்னு யோசிக்காதீங்க. வீ ஆர் எ டீம்."

நான் கேப்டனாக இருந்தபோது துணை விமானிகளுக்குச் சொன்னது வேறு. சக்கரத்தை நான் சொன்னால் இறக்கு, சம்பளத்தைக் கொடுத்தால் வாங்கு, நடுவில் பேசாதே. அதனால் யாரும் செத்துப்போகவில்லை. ஒரு தடவை திருச்சியில் கொட்டுகிற மழை, ஓடுதளமே தெரியவில்லை. எதிரே ஒரு கொக்குக் கூட்டம் போயிற்று. அதன் பின்னாலேயே போய் இறங்கினேன். கொக்குகளும் பத்திரமாக இறங்கின. பக்கத்து இருக்கையில் இருந்தவன் மூச்சுக் காட்டவில்லை. அதற்குப் பெயர் மரியாதை.

இந்தப் பெண்ணிடம் மரியாதை இல்லை என்று சொல்ல வரவில்லை. சிக்கலே அதுதான். புறப்படும் முன் "எனி கன்சர்ன்ஸ், அங்கிள்?" என்பாள். இறங்கும் முன் "ஓகேவா, அங்கிள்?" என்பாள். நான் வாய் திறந்து உயரம் கொஞ்சம் அதிகம் என்றால், "குட் கேட்ச் அங்கிள், தேங்க் யூ." பந்தைக் கவ்விக்கொண்டு வந்த நாயிடம் சொல்வது போல. ஒவ்வொரு தேங்க் யூவையும் கணக்கில் எழுதி வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு பிளானோவில் பொங்கல் விழா. ஜெயபிரகாஷ் தட்டோடு வந்து நின்றார்.

"ஏனுங்க சேனாபதி சார், நம்ம புள்ளைகிட்டத்தான் வேலையாமா? சொன்ன பேச்சு கேக்கறீங்களா, இல்ல நான் வந்து ரெண்டு சத்தம் போடட்டுங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"டாட், ஸ்டாப் இட்," என்றாள் கயல். "அங்கிள்தான் என்னோட பெஸ்ட் ஃபர்ஸ்ட் ஆஃபீசர். அவ்ளோ நல்லா லிசன் பண்ணுவார்."

"யாரு, இவரா?" என்றாள் என் மனைவி ருக்மிணி. "கோயில் காலட்சேபத்துல பாகவதர் மைக் சத்தத்தையே அமுக்கினவராச்சே இவர்."

அது அபாண்டம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவன். சிந்தனை உள்ளவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் இந்த இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக வந்தது. கயலும் சிரித்தாள்.

அங்கேயே, கையில் சர்க்கரைப் பொங்கலோடு, முடிவெடுத்தேன். கேப்டன் அவள். கேட்பவன் நான். நல்லது, என் துணை விமானிகளிடம் நான் வாங்கிய மரியாதையை வட்டியும் முதலுமாக இவளுக்குத் தந்துவிடுகிறேன். வாய் திறக்க மாட்டேன். அவளாகத் தப்புச் செய்யும் நாள் தானாக வரும்.

வந்தது. காலையில் பயணிகளை ஹூஸ்டனில் இறக்கினோம். அங்கே நம்மூர்க் கடைகள் இருக்கும் ஹில்கிராஃப்ட் தெருவில் முழுச் சாப்பாடு. சோறு மறுபடி வாங்கினேன், பாயசமும் மறுபடி வாங்கினேன். அவள் ஒரு தோசையில் பாதியை வைத்துவிட்டாள். விமானம் காலியாகத்தான் திரும்பியது. "டயர்டா இருக்கீங்களா அங்கிள்? ரிலாக்ஸ் பண்ணுங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள். இதுவும் ஒரு அவமானம். கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

எங்கள் ஓடுதளம் பிளானோவுக்கு வடக்கே இருக்கிறது. அதற்கு இப்பால், அதே திசை பார்த்து, இன்னொன்று. வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்களுக்கானது, நீளத்தில் பாதிகூட வராது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அன்று வெயிலும் புழுதியும். கயல் தம்பியை நோக்கித் திரும்பினாள்.

நான் பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். சிவப்புக் கொட்டகை, சுருட்டிப் போட்ட வைக்கோல், ஓடுதளம் முடிகிற இடத்தில் கம்பிவேலி, அதற்கு அந்தப் பக்கம் சிமெண்டு வாய்க்கால். அவள் அன்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். 'கயல், இது இல்லை' என்றால் போதும். அதை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு, மிட்டாய் போலச் சுவைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

தரை தொட்டது. பிரேக் அலறியது. வேலி போயிற்று. இடது பக்கம் சிமெண்டில் மோதி நசுங்கியது. அவளுடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எனக்குக் கையில் ஒரு சிராய்ப்பு. உடம்பைத் துணி மாதிரித் தளர விட்டிருந்ததால்தான் பிழைத்தேன் என்று டாக்டர் ஆச்சரியப்பட்டார். யோகாசனம் செய்பவனுக்கு அது பெரிய விஷயமில்லை.

இவ்வளவோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு விசாரணை அதிகாரிகளான உங்களிடம் என்ன சொன்னாள்? தப்பு முழுக்கத் தன்னுடையது, அங்கிள் தன் வேலையைச் சரியாகத்தான் பார்த்தார் என்று. நீங்களும் அதை நம்பி, அவளுடைய லைசென்சைப் பிடுங்கிவிட்டு, என்னை வீட்டுக்குப் போகச் சொல்கிறீர்கள். ஜெயபிரகாஷ் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து, "உங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்களே, அது போதுங்க," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். விபத்தில்கூட எனக்குப் பங்கு இல்லை. அந்த விமானத்தில் நான் ஒரு பெட்டி படுக்கை.

அதனால்தான் இன்று நீங்கள் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருக்கிறேன். ஆங்கிலத்தில் சொன்னால் மழுப்பலாகிவிடும் என்றுதான் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கினேன். அந்தப் பெண்ணின் காலை எடுத்தவன் நான். லைசென்சை எடுத்தவனும் நான். வன்மத்தோடு, முழு அறிவோடு, திறந்த கண்ணோடு செய்தேன். அவளிடமிருந்து பழியை எடுத்து என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள். கேப்டன் சேனாபதி என்று எழுதுங்கள்.

நேற்று நீங்கள் போட்டுக் காட்டிய விமானி அறை ஒலிப்பதிவின் கடைசி நிமிடத்தில் கயல், "அங்கிள், இதுதானே நம்ம ரன்வே? அங்கிள்?" என்று கேட்கிறாள், அதற்குப் பதிலாக என் குறட்டை கேட்கிறது.